மசக்கையில் ருசி பார்த்த காப்பி

ஒரு கோப்பையிலிருந்து கெட்ட வாடை வருகிறது. அது காப்பியில் இருக்கிற வாடையா, முகர்ந்து பார்க்கிறவளிடம் இருக்கிற வாடையா? இதை எப்படிப் பிரித்து அறிவது? நம் சங்கத்தின் ருசி பார்க்கும் மேசையில் நான் உட்கார்ந்திருந்தபோது எழுந்த கேள்வி இது. வேலையை விட்டாயிற்று. பிள்ளை ஓடியாடிப் பேசவும் ஆரம்பித்துவிட்டான். இன்னும் என்னிடம் பதில் இல்லை.

புதிதாக அந்த மேசைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி செயலாளர் அண்ணாச்சி கேட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. உங்களில் சிலரைவிட நாலைந்து வயதுதான் நான் மூத்தவள். புத்தி சொல்கிற தகுதி எனக்கு உண்டா என்று இரண்டு வாரம் யோசித்தேன். இன்னும் யோசித்துக்கொண்டே எழுதுகிறேன்.

மலைத்தோட்டக்காரர்கள் தங்கள் கொட்டையைத் தாங்களே விற்கலாம் என்று அரசாங்கம் விட்டுக்கொடுத்த சமயத்தில் தொடங்கியது நம் சங்கம். செங்கோட்டைக்கு மேற்கே மலைச்சரிவில் பலாவுக்கும் மிளகுக்கும் இடையில் கொஞ்சம் கொஞ்சம் காப்பி வைத்திருந்தவர்களுக்கு அதுவரை அடிவாரத்து வியாபாரி சொன்னதுதான் விலை. சந்தை விழுந்தாலும் விவசாயிக்குக் கட்டுப்படியாகிற விலையைக் குறைக்க மாட்டோம் என்று ஒரு வெளிநாட்டு வியாபாரக் குழு முன்வந்தது. அதற்கு அண்ணாச்சி வைத்த பெயர் நியாய விலைக் காப்பி. பாளையங்கோட்டையில் நம் கடை வாசலில் அந்தப் பலகையை மாட்டிய அன்றே ஒரு பெரியவர் ரேஷன் கார்டோடு வந்து நின்றார். "எத்தனை யூனிட்டுக்கு எவ்வளவு காப்பி தாரீய?" என்று கேட்டார். மறுநாள் பலகையை இறக்கிவிட்டோம்.

எல்லார் மூட்டையும் கலந்து ஒரே சரக்காகத்தான் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும். ஒருவருடைய மூட்டை கெட்டிருந்தால் எல்லாருடைய சரக்கும் திரும்பிவிடும். அதனால்தான் ருசி பார்க்கிற மேசை. வறுத்துத் திரித்த தூளில் வெந்நீர் ஊற்றி, கோப்பையின் அடியில் அண்ணாச்சி எண் எழுதி ஒட்டி, இடம் மாற்றி மாற்றி வைப்பார். யாருடைய காப்பி என்று தெரியாமல் நாங்கள் உறிஞ்சி, வாயில் வைத்து, துப்ப வேண்டும். நாங்கள் என்றால் நானும் மைமூன் அக்காவும். இரண்டு பேரும் வேண்டாம் என்றால்தான் மூட்டையை ஒதுக்கி வைப்பார்கள். உறவு, ஊர், சாதி எதுவும் கோப்பைக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு முறை. நான் அதைப் பெருமையாக வீட்டில் சொன்னேன். என் மாமியார் கேட்டார்: "காப்பியை வாயில வச்சுத் துப்புததுக்கா உங்க அப்பா உன்னைய பி.எஸ்ஸி படிக்க வச்சாரு?"

மைமூன் அக்கா மேலப்பாளையத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் எனக்கு எதையும் உட்கார்த்தி வைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. நான் தயங்கினால் சிரிப்பார், அவ்வளவுதான். "ஏளா, வாயில வச்சிட்டு என்ன தவம் இருக்க? துப்பு, சொல்லு."

சித்திரை வெயிலில் நம் கடையில் வியாபாரம் படுத்துவிடும். சூடாகக் காப்பி குடிக்க யாருக்கு மனசு வரும்? அந்த வருடம்தான் மைமூன் அக்கா பானையைக் கண்டுபிடித்தார். வறுத்துக் கொரகொரப்பாகத் திரித்த தூளைப் புது மண்பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றிச் சாயங்காலமே போட்டு, துணி கட்டி வைத்துவிடுவார். மறுநாள் காலையில் வடித்து, உடன்குடிக் கருப்பட்டிப் பாகு கொஞ்சம் விட்டால் தீர்ந்தது. அடுப்பே கிடையாது. முதல் நாள் அண்ணாச்சி பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "காப்பியை ஊறப்போட்டுருக்கியே, இது என்ன புளியா?" என்றார். குடித்த பிறகு இன்னொரு தம்ளர் கேட்டார்.

அதை ஊறல் காப்பி என்று எழுதித் தொங்கவிட்டேன். பக்கத்துக் கோர்ட்டிலிருந்து வந்த குமாஸ்தா ஒருவர் சிரித்து மாளவில்லை. "ஊறல்னு எழுதினா சாராயக் கேஸுல உள்ள வச்சிருவான்ம்மா. மொதல்ல அதைக் கழத்து." பிறகு அதற்குப் பானைக் காப்பி என்ற பெயரே நின்றது. மத்தியானம் பஸ் ஓட்டுநர்கள் வண்டியை ஓரம் கட்டி வந்து குடித்தார்கள். கசப்பு முன்னால் வராது. தொண்டையைத் தாண்டிய பிறகு பலாச்சுளை மாதிரி ஒரு இனிப்பு மெதுவாக வரும். நம் மலைக் காப்பிக்கு இப்படி ஒரு ருசி உண்டு என்பது வெந்நீர் படாமல் குடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஒரு நாள் நான், "அக்கா, சரக்கையும் இப்படியே ஊற வச்சு ருசி பாத்தா என்ன?" என்று கேட்டேன்.

"பானை எல்லாத்தையும் மன்னிச்சிரும்ளா" என்றார். "பச்சைத் தண்ணில வாடை எந்திரிக்காது. குடிக்கதுக்குத்தான் அது. அதை நம்பி யாருக்கும் நல்ல பேரு குடுத்துராத."

அந்த வெயிலில்தான் எனக்கு நாள் தள்ளிப்போனது. முந்தின வருடம் ஒன்று தங்காமல் போயிருந்ததால், மூன்று மாதம் முடிகிற வரை வெளியே மூச்சு விடக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். எனக்கும் பயம். சொன்னதால்தான் போன தடவை போய்விட்டதோ என்று படித்த எனக்கே தோன்றும். கடுகு தாளித்தால் குமட்டியது. சோப்பு வாடை ஆகவில்லை. காலையில் வீட்டில் காப்பி இறக்கினால் கொல்லைப்பக்கம் ஓடினேன். ஆனால் பானைக் காப்பி மட்டும் இறங்கியது. அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒளித்து ஒளித்து அரைத் தம்ளர் குடித்தேன். மாமியார் பார்த்துவிட்டு, "குடி, குடி. பிள்ளை கருகருன்னு பொறக்கட்டும்" என்றார்.

மைமூன் அக்காவிடம் நான் சொல்லவில்லை. அவரே தெரிந்துகொண்டார். மேசையில் நான் சந்தேகப்படுகிற கோப்பையை அவர் இரண்டு தடவை ருசி பார்ப்பார். ஒன்றும் இல்லை என்று கண்ணாலேயே சொல்வார். அந்த நாட்களில் ஒரு நாக்கைக் கொண்டு இரண்டு பேர் வேலையைச் செய்தோம்.

சரக்கு அனுப்ப வேண்டிய வாரத்தில் மைமூன் அக்காவுக்கு அம்மை போட்டுவிட்டது. நாக்கிலும் கொப்புளம் என்று தெருமுனையிலிருந்தே ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் அந்தத் தெருப்பக்கமே போகக் கூடாத நிலையில் இருந்தேன். லாரி மறுநாள் மத்தியானம். கப்பல் நமக்காக நிற்காது.

அன்றைக்குக் கோப்பைகளைத் தனியாக ருசி பார்த்தேன். எல்லாமே குமட்டியது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒரு கோப்பையில் வேறு ஒன்று இருந்தது. அழுகின வெங்காயத்தை ஈரச் சாக்கில் கட்டி வைத்த மாதிரி. எண்ணைப் பார்க்காமல் அண்ணாச்சியிடம், "இன்னொரு தடவை புதுசா திரிச்சு, இடம் மாத்தி வைங்க" என்றேன். வைத்தார். இந்தத் தடவை இரண்டு கோப்பையில் அந்த வாடை. அண்ணாச்சி கோப்பைகளைத் தூக்கி அடியில் இருந்த எண்ணைப் பார்த்தார். அவற்றில் ஒன்று முதல் தடவை நான் நல்லது என்றது. மற்றது முதல் தடவையும் வேண்டாம் என்றது. அந்த எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"இது நம்ம பேச்சிமுத்துவுல்லா" என்றார்.

பேச்சிமுத்து அண்ணனை நம் சங்கத்தில் தெரியாதவர் கிடையாது. நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். மலையில் அவர் கூடப்பிறந்தவர்கள் எல்லாம் காப்பியைப் பிடுங்கிவிட்டு ரப்பர் வைத்துவிட்டார்கள். அவரையும் நெருக்கினார்கள். "இந்த ஒரு வருசம் சங்கத்துக்குப் போட்டுப் பாக்கேன். அது சரிப்பட்டு வரலைன்னா நீங்க சொல்லுதபடி கேக்கேன்" என்று அவர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார். எங்களுக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த லாரியில் அவர் மூட்டை ஏறினால் செடிகள் தப்பும். ஏறாவிட்டால் இல்லை.

என்னால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, என் மூக்கை இப்போ நம்பாதீங்க."

"ஜலதோசமா?"

"இல்ல."

"வெயில் ஒத்துக்கலையோ? ஒரு சொம்பு மோரைக் குடிச்சிட்டு வந்து பாரு."

"வீட்டுல தாளிச்சாக்கூட ஒத்துக்க மாட்டேங்குது அண்ணாச்சி."

மூன்று பெண்களைப் பெற்றவர். இருந்தாலும் புரிய நேரமானது. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "நல்ல சேதிதான்" என்று மூட்டைகளைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்கு வெளியே அதை நான் சொன்ன முதல் ஆள் அவர்தான். சொன்னவுடன் வயிற்றில் கை வைத்துக்கொண்டேன். அதுவும் ஒரு பயம்.

"அப்போ நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க" என்றேன்.

"நான் சொன்னா அது செயலாளர் சொன்னதா இருக்கும். நாக்கு சொன்னதா இருக்காது. வெத்தலை போட்டுப் போட்டு என் நாக்கு செத்துப்போச்சு. டவுன்ல யாரையும் கேக்கலாம்னா அவங்க எல்லாம் சிக்கரியிலயே பழகுன ஆளுங்க. எம்மா, உன் மூக்கு சரியில்லைன்னா எவ்வளவு சரியில்லைன்னும் நீதான் சொல்லணும். காலையில சொல்லு."

மைமூன் அக்கா சொன்னது நினைவிருந்தும், வீட்டுக்குப் போகும் முன் ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய தூளைத் தனித்தனி ஜாடியில் பச்சைத் தண்ணீரில் போட்டேன். காலையில் வந்து குடித்தேன். எதிலும் வாடை இல்லை. பேச்சிமுத்து அண்ணன் ஜாடி எல்லாவற்றிலும் இனிப்பாக இருந்தது. பானை எல்லாத்தையும் மன்னிக்கும் என்றாரே, அந்த மன்னிப்பா இது, உண்மையிலேயே நல்ல காப்பியா? சூடாக நாறியது, குளிர்ந்து இனிக்கிறது. எதை நம்புவது? மசக்கைக்காரிக்குக் குளிர்ந்ததில்தான் நாக்கு சரியாக வேலை செய்கிறது என்று ஒரு பக்கம் தோன்றியது. எனக்கு வேண்டிய பதிலைத் தருகிற ஜாடியை நான் தேடுகிறேன் என்று இன்னொரு பக்கம் தோன்றியது.

வெளியே லாரியில் மற்றவர்களுடைய மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. அத்தனை குடும்பங்கள். ஒரு கெட்ட மூட்டையால் அத்தனையும் திரும்பி வந்தால்? இரண்டாம் தடவை மட்டும் நாறிய அந்த இன்னொரு கோப்பையையும் நிறுத்துவதா? ஒரு தடவை நன்றாக இருந்ததே என்று அதை விட்டேன். இரண்டு தடவையும் நாறியதை நிறுத்தினேன். கணக்குப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் என் மூக்கே பொய் என்றால் இரண்டு பொய் சேர்ந்து ஒரு உண்மை ஆகுமா?

"நிறுத்திருங்க அண்ணாச்சி" என்றேன்.

மறுநாள் பேச்சிமுத்து அண்ணன் வந்தார்.

"என்ன அண்ணாச்சி, லாரியில இடமில்லையா?"

"இடம் கெடந்துச்சுவே. காப்பியிலதான் ஒரு வாடைன்னு…"

"என்ன வாடை? நான் காப்பியில்லா காயப்போட்டேன், கருவாடா போட்டேன்?"

சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். யாரோ திருத்திச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிற சிரிப்பு அது. யாரும் திருத்தவில்லை. அவரைத் தேற்ற வேண்டும் என்று நினைத்து அண்ணாச்சி சொன்னார்: "அந்தப் பிள்ளை மாசமா இருக்குவே. அதுக்கு இப்போ எதைக் கண்டாலும் ஒரு மாதிரிதான் இருக்கும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பேச்சிமுத்து அண்ணன் என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை.

"அப்போ நாறுனது என் காப்பியா தாயி, இல்ல உன் மசக்கையா?"

நான் கீழே சிதறிக் கிடந்த கொட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"எம் பொண்டாட்டிக்கு மூத்தவ வயித்துல இருந்தப்போ என் வாடையே ஆகாது" என்றார். "வெளிய போய்ப் படுன்னுட்டா. நான் என்ன அழுகியா கெடந்தேன்?"

அவர் தன் மூட்டைகள் மேல் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்தார். "தொண்டை காயுது. அந்தப் பானைக் காப்பி இருந்தா ஒரு தம்ளர் குடு தாயி."

கடைப் பானை அன்று காலியாகிவிட்டது. மற்ற ஜாடிகளைக் கழுவி வைத்துவிட்டேன், அவருடைய ஜாடியில்தான் மிச்சம் இருந்தது. வேறு வழியில்லாமல் அதையே ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுத் தம்ளரைத் தூக்கிப் பார்த்தார். "நல்லாருக்கே. யாரு காப்பி இது?"

பொய் சொல்லியிருக்கலாம். "உங்களுதுதான் அண்ணே" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மிச்சத்தையும் நிதானமாகக் குடித்தார். தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். "பிள்ளை நல்லபடியா பொறக்கட்டும் தாயி" என்று சொல்லிவிட்டு மூட்டைகளை ஏற்ற வண்டி பிடிக்கப் போனார்.

அடிவாரத்து வியாபாரிதான் அந்தக் கொட்டையை வாங்கினார். அவர் விலைக்கு. மழைக்காலம் தொடங்குவதற்குள் பேச்சிமுத்து அண்ணன் செடிகளைப் பிடுங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார்.

மைமூன் அக்கா தேறி வந்ததும் எடுத்து வைத்திருந்த மாதிரிக் கொட்டையை வறுத்து ருசி பார்த்தார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். "எனக்கு ஒண்ணும் தெரியலளா. நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் வெளியே வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இதை வச்சு நீயே உன்னைத் தூக்குல போட்டுக்காத. மூட்டைக்குள்ள ஒரே ஒரு அழுகின கொட்டை கெடந்தாலும் அது விழுந்த கோப்பைதான் நாறும். அடுத்த கோப்பை மல்லிகைப்பூ மாதிரி இருக்கும். உன் கைக்கு அது வந்துச்சு, என் கைக்கு வரல. அப்படியும் இருக்கலாம்லா?"

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து சரக்கு பிரமாதம் என்று செய்தி வந்தது. அவருடையதும் சேர்ந்திருந்தால் அப்படித்தான் வந்திருக்குமோ, வந்திருக்காதோ. எனக்குப் பிள்ளை பிறந்தது. என் மூக்கு பழையபடி ஆனது. ஆனால் ஒவ்வொரு கோப்பையையும் மூன்று தடவை, நான்கு தடவை முகர ஆரம்பித்தேன். நல்லது என்றும் சொல்ல மாட்டேன், கெட்டது என்றும் சொல்ல மாட்டேன், அண்ணாச்சியிடம் இன்னொரு கோப்பை கேட்பேன். அப்படிப்பட்டவள் அந்த மேசையில் உட்காரக் கூடாது என்று நானே எழுந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சங்கத்தில் மூன்றாவதாக ஒரு ஆள் வைத்தார்கள். மைமூன் அக்காவும் இப்போது மேசைக்கு வருவதில்லை. உங்களில் ஒருவர் அந்த இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். அது நல்லது. உடம்பு சரியில்லாத நாளில் மேசையிலிருந்து எழுந்துகொள்ள உங்களுக்கு இடம் இருக்கிறது, எழுந்துகொள்ளுங்கள். காரணம் கேட்டால் சொல்ல வேண்டியதில்லை என்றும் அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மறைத்துக்கொண்டு வேலை பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுப் பார்ப்பது எப்படி என்றும் தெரியும். இரண்டிலும் பாரம் குறையவில்லை. மற்றபடி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்களிடம் கேட்கத்தான் ஒன்று இருக்கிறது. போன வாரம் செங்கோட்டை பஸ்ஸில் வந்த ஒருவர் எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். காப்பிக் கொட்டை. பேச்சிமுத்து அண்ணன் தோட்டத்தைப் பிடுங்கியபோது வீட்டுக்குப் பின்னால் மட்டும் சில செடிகளை விட்டு வைத்திருக்கிறாராம். அதே செடிகள். இந்த வருடம் காய்த்தன. "தாயி பிள்ளை பெத்துத் தேறிட்டா, இப்போ நல்லா ருசி தெரியும்லா. குடிச்சிட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நான் இன்னும் பிரிக்கவில்லை. இந்த வெயிலுக்கு வறுத்துத் திரித்துப் பானையில் ஊறவைத்தால் நன்றாகத்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும். நன்றாக இருந்தது அண்ணே என்று மனதறிந்து சொல்லி அனுப்பலாம். அவர் சந்தோஷப்படுவார். அது பொய் ஆகாது. ஆனால் அவர் என்னிடம் கேட்பது அதுதானா? வெந்நீர் ஊற்றினால் எனக்கு ஒரு பதில் தெரிந்துவிடும். அது நல்ல காப்பியாக இருந்தால் நான் என்ன செய்தேன் என்று தெரியும். அவருக்கும் அதைச் சொல்ல வேண்டும். கெட்டிருந்தால், மிஞ்சிய நாலு செடியையும் வைத்துக்கொண்டிருக்கிற மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது?

பொட்டலம் கொண்டுவந்தவர் அடுத்த வாரம் பதில் கேட்டு வருவார். நீங்கள் மூன்று பேரும் இப்போது தினமும் அந்த மேசையில் உட்காருகிறீர்கள். உங்கள் மூக்கில் குழப்பம் இல்லை. நீங்களாக இருந்தால் இந்தக் கொட்டைக்கு வெந்நீர் ஊற்றுவீர்களா, பச்சைத் தண்ணீரா? தயவுசெய்து சொல்லுங்கள்.